ஜூன் வந்தால் வளையல் அடகுக்குப் போகிறது

கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகைக்கடன் கவுன்ட்டரில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா, வாசகர்களின் வீட்டுக் கணக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, என் கணவருக்கு 32,000 ரூபாய் சம்பளம். வாடகை 8,000. பிள்ளைகள் இருவரும் தனியார் பள்ளியில். ஓட்டல், சினிமா கிடையாது. காய்கறிகூட சாயங்காலம் விலை இறங்கிய பிறகுதான் வாங்குகிறேன். அப்படியும் ஒவ்வொரு ஜூனிலும் இரண்டு வளையலை அடகு வைத்து, தீபாவளி போனஸில் மீட்கிறோம். இன்னும் எதைக் குறைக்கட்டும்?
– வாசகி, திருப்பூர்

காய்கறியில் இனி ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள், அம்மா. ஓட்டை அங்கே இல்லை.

எங்கள் கவுன்ட்டரில் மே கடைசியில் தொடங்குகிற கூட்டம் ஜூன் பாதிவரை ஓயாது. வருகிறவர்களில் ஊதாரி என்று சொல்லக்கூடியவர் அபூர்வம். எல்லாரும் உங்களைப் போல கொத்தமல்லிக்கட்டுக்குப் பேரம் பேசுகிறவர்கள்தான். மாதச் செலவைக் கச்சிதமாக நடத்துவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற செலவு மட்டும் சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி வாசலில் நிற்கும். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது!

ஒரு தாளில் இப்படி எழுதிப் பாருங்கள். தொகைகளை நான் தோராயமாகப் போடுகிறேன், உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து 42,000. தீபாவளிக்கு 12,000. உறவுக்காரர் விசேஷங்களுக்கு மொய், சீர் என்று செய்முறைக்கு 10,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 5,000. குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர 6,000. ஆக 75,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,250. அப்படியென்றால் உங்கள் வீட்டுச் சம்பளம் 32,000 இல்லை, 25,750. அந்தத் தொகைக்குள் வீட்டை ஓட்டியிருந்தால் வளையல் கையிலேயே இருந்திருக்கும்.

எங்கே அடகு வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அடகுக்கடையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் 40,000 ரூபாய்க்கு மாதம் 800, ஐந்து மாதத்துக்கு 4,000. சாயங்காலக் காய்கறியில் வருஷம் முழுக்க மிச்சம் பிடித்தது இங்கே போய்ச் சேர்கிறது. அடகு தவிர்க்க முடியாத வருஷத்தில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள், வட்டி பாதிக்குப் பாதி குறையலாம்.

முதல் வருஷமே முழுசாக விடுபடுவது கஷ்டம். இந்தத் தீபாவளிக்கு வளையலை மீட்டதும் நவம்பரிலிருந்து மே வரை மாதம் 3,000 போடுங்கள். 21,000 சேரும். ஜூனில் ஒரு வளையல் மட்டும் போகும். அடுத்த போனஸில் பாதிதான் கடனுக்கு, மீதிப் பாதி அப்படியே அதற்கடுத்த ஜூனுக்கு. அதோடு மாதம் 3,000 தொடர்ந்தால் பள்ளிக் கட்டணத்துக்காக நகையைத் தொட வேண்டியதில்லை. இதற்கு வங்கி ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கிற கணக்கு) போதும், ஒரு வருஷத்துக்கே போடலாம். அஞ்சலக ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது 5 வருஷத் திட்டம். வருஷா வருஷம் எடுக்கிற பணத்துக்கு ஒத்துவராது.

அந்த 3,000 எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கடிதத்தில் நீங்கள் எழுதாத வரி ஒன்று இருக்கும், அநேகமாகப் போன் இ.எம்.ஐ.! அது முடிகிற மாதம் அதே தொகையை ஆர்.டி.க்குத் திருப்பிவிடுங்கள். வேன் கட்டணத்தையும் ஒருமுறை பாருங்கள். அப்பா வேலைக்குப் போகிற வழியில் பள்ளி இருந்தால் வேன் எதற்கு?

ஏசி வாங்கினோம். யூனிட் கொஞ்சம்தான் கூடியது, கரண்ட் பில் எகிறிவிட்டது. மீட்டர் கோளாறா?
– வாசகர், திருச்சி

மீட்டர் சரியாகத்தான் இருக்கும். 500 யூனிட் கோட்டைத் தாண்டியிருப்பீர்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 சலுகை விலை. தாண்டினால் அந்தச் சலுகை விலை போய்விடும், 500-க்கு மேலான யூனிட்டுக்கும் விலை கூடும். 2022-ல் மாற்றிய கட்டணப்படி 480 யூனிட்டுக்கு 1,605 ரூபாய், 560 யூனிட்டுக்கு 2,430. கூடிய 80 யூனிட்டுக்கு 825 ரூபாய்! அதற்கப்புறம் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது. ரீடிங் எடுத்த அன்று எண்ணைக் குறித்துவைத்து வாரம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். ஒரு மாதத்தில் 250-ஐத் தாண்டினால் அடுத்த மாதம் ஏசியை இரவில் மட்டும் போடலாம்.

மகளுக்குக் காதுகுத்து வைக்கிறோம். மொய் ஒன்றரை லட்சம் வரும். அதில் பைக் வாங்கலாம் என்கிறார் கணவர். சரியா?
– வாசகி, உசிலம்பட்டி

மொய்க்குப் பேர்போன உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! மொய் என்பது வட்டியில்லாக் கடன். எப்போது திருப்பிக் கேட்பார்கள் என்று தெரியாது, கேட்கும்போது கூடவும் கேட்பார்கள். மொய் நோட்டில் இருப்பது உங்கள் கடன் பட்டியல். விருந்துச் செலவு போக மிஞ்சுவதைப் பிக்சட் டெபாசிட்டில் போடுங்கள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதிலிருந்தே எடுத்துச் செய்யும்படி 25,000, 25,000 ஆகப் பிரித்துப் போட்டால் ஒன்றை உடைத்தாலும் மற்றவை நிற்கும். பைக்கைச் சம்பளத்தில் வாங்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் இப்போதைக்குப் பைக் வேண்டாம்.

கணக்கு நோட்டு எழுதினால் "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்று கணவர் கோபப்படுகிறார்.
– வாசகி, கோவை

அவர் செலவை எழுதாதீர்கள். அவருக்கென்று மாதம் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள், டீ, பெட்ரோல், நண்பர் என்று எதற்கு வேண்டுமானாலும் ஆகட்டும், கேள்வி கிடையாது. உங்களுக்கும் அதேபோல ஒரு தொகை, அதற்கும் கேள்வி கிடையாது. பெண்கள் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அஞ்சறைப்பெட்டியில் ஒளித்துவைக்கிறார்கள். மீதியை மட்டும் நோட்டில் எழுதுங்கள், நோட்டு இருவர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

மொத்தமாக வாங்கினால் மிச்சமா?
– வாசகி, நாகர்கோவில்

புளி, மிளகாய் வற்றலுக்கு ஆம். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருஷத்துக்கும் வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடலாம். துவரம்பருப்புக்கு முதலில் ரேஷன் கடை, அங்கே கிலோ 30 ரூபாய்தான். பிஸ்கட், முறுக்கு, சிப்ஸ் மட்டும் மொத்தமாக வேண்டாம். பெரிய பாக்கெட்டும் சின்ன பாக்கெட்டும் பிள்ளைகளிடம் ஒரே நாளில்தான் காலியாகும்.