பழைய பேசிக் போதும், பிக்கோவில் இன்குபேட்டர் ஓடும்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் நான். எண்பதுகளில் ஒரு கோர்ஸில் பேசிக் என்ற கணினி மொழி படித்தேன். ஃபார்-நெக்ஸ்ட், இஃப்-தென் எல்லாம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. நாட்டுக்கோழி முட்டை பொரிக்க ரிஜிபோம் பெட்டியில் ஒரு இன்குபேட்டர் செய்திருக்கிறேன். பல்ப்பை ஏற்றுவதும் அணைப்பதும் இப்போது கையால்தான். மகன் ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டு, பைதன் மொழி படியுங்கள் என்கிறான். பேசிக்கிலேயே முடியாதா? கரண்ட் போய் வந்தால் செய்நிரல் அழிந்துவிடுமா?

பதில்: சேர், தாராளமாக முடியும். செய்நிரலும் அழியாது. இந்த வேலைக்காக இன்னொரு மொழி படிக்க வேண்டிய தேவையே இல்லை.

பிக்கோவுக்கு எம்எம்பேசிக் என்ற பேசிக் இலவசமாகக் கிடைக்கிறது. அவுஸ்திரேலியாவின் ஜெஃப் கிரஹாம் 2011இல் மேக்சிமைட் என்ற சிறு கணினிக்காக எழுதிய மொழி இது. பிக்கோவுக்கான பதிப்பைப் பிக்கோமைட் என்பார்கள். வரி எண் கட்டாயமில்லை, ஆனால் பழைய பழக்கத்தில் 10, 20 என்று போட்டாலும் கோபிக்காது. வேறு வரிக்குத் தாவும் கோட்டூவும் உண்டு.

ஏற்றுவது சுலபம். பிக்கோவில் இருக்கும் பூட்செல் பொத்தானை அமத்திப் பிடித்தபடி யூஎஸ்பி வயரைக் கணினியில் செருகுங்கள். பென்டிரைவ் போல ஒன்று திரையில் தெரியும். பிக்கோமைட்டின் யூஎஃப்2 கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டால் சரி. பிக்கோ, பிக்கோ டபிள்யூ, பிக்கோ 2 மூன்றுக்கும் கோப்பு வேறு வேறு, உங்களிடம் இருப்பது எதுவென்று போர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் போர்டைக் குறை சொல்லும் முன் வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்கள் ஏராளம். அப்புறம் கட்டளைகளைத் தட்டி அனுப்பும் டெரா டெர்ம் மாதிரி ஒரு டெர்மினல் மென்பொருளில் பிக்கோவைத் திறந்தால், நீங்கள் எண்பதுகளில் பார்த்த அதே மாதிரி ஒரு குறி வந்து காத்து நிற்கும்.

பேசிக்கின் அருமை இனித்தான் தெரியும். செய்நிரல் எழுதாமலேயே, செட்பின் கட்டளையால் ஜிபி15 என்ற பின்னை (இணைப்புக் காலை) டிஜிட்டல் வெளியீடு ஆக்கிவிட்டு, அதற்கு 1 என்று மதிப்புக் கொடுத்து என்டர் தட்டினால் அதில் இணைத்த ரிலே (பல்ப்பை ஏற்றி அணைக்கும் மின்சுவிட்ச்) 'டிக்' என்று ஒட்டும். 0 கொடுத்தால் விடும். (பல ரிலே போர்டுகள் இதற்கு நேர்மாறு, 0க்குத்தான் ஒட்டும். அதையும் இப்படியே கண்டுபிடித்துவிடலாம்.) ஒவ்வொரு பாகத்தையும் ஒற்றை வரியில் சோதித்த பிறகே செய்நிரல் எழுத உட்காருங்கள். ஒரு விஷயம்: பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட். 5 வோல்ட்டை நேரே கொடுத்தால் அந்தப் பின் பழுதாகிவிடும். ரிலே போர்டும் 3.3 வோல்ட் சிக்னலுக்கு வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள்.

வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 சென்சர் நல்லது, துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் அடைத்த நீர்புகாத வகையாகப் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர் உங்களுடையது. திறந்த சென்சரின் கால்களை உப்புக்காற்று தின்றுவிடும். சிவப்பு வயர் 3.3 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் பிக்கோவின் ஒரு பின்னுக்கு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் குறுக்கே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். சென்சர் பழுது என்று தூக்கிப் போடுபவர்களில் பாதிப் பேர் இதைப் போடாதவர்கள்தான். டெம்ப்-ஆர் என்ற ஃபங்ஷனுக்கு அந்தப் பின்னின் பெயரைக் கொடுத்தால் செல்சியஸில் விடை வரும்.

இந்தச் சென்சர் அரைப் பாகை கூடக்குறையக் காட்டலாம். முட்டைக்கு அது சின்ன விஷயமில்லை. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும்தானே? ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இன்குபேட்டருக்கு வேண்டிய 37, 38 பாகையில்தான் காய்ச்சல் தெர்மாமீட்டர் மிகச் சரியாக அளக்கும். வித்தியாசம் 0.4 என்றால் செய்நிரலில் 0.4 கூட்டியோ கழித்தோ விடுங்கள்.

இனிக் கட்டுப்பாடு. பெட்டிக்குள் சின்ன ஃபேன் ஒன்று காற்றைச் சுழற்றினால் 37.5 பாகை போதும். 37.5க்குக் கீழே ஏற்று, மேலே அணை என்று எழுதினால் ரிலே ஓயாமல் டிக்டிக் என்று அடித்துச் சீக்கிரம் தேயும். 37.4க்குக் குறைந்தால் ஏற்று, 37.7ஐத் தாண்டினால் அணை, இடையில் இருந்தால் சும்மா இரு என்று இரண்டு இஃப் வரி எழுதுங்கள். மூன்றாவதாக இன்னொரு இஃப்: விடை 10க்குக் கீழே அல்லது 60க்கு மேலே வந்தால் பல்ப்பை அணை. சென்சர் வயர் கழன்றால் வரும் தாறுமாறான எண்ணை நம்பிப் பெட்டி வேகக் கூடாது. இவற்றைத் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு டூ-லூப்புக்குள் போட்டு, சுற்றுக்கு இரண்டு விநாடி பாஸ் (இடைநிறுத்தம்) கொடுங்கள். பல்ப்பின் 230 வோல்ட் வயரிங்கை மட்டும் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் விடுங்கள்.

கரண்ட் விஷயம். பிக்கோவில் செய்நிரல், கரண்ட் இல்லாமலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் அப்படியே இருக்கும். ஆப்ஷன் ஆட்டோரன் ஆன் என்று ஒருமுறை கொடுத்துவிட்டால், கரண்ட் வந்தவுடன் தானாகவே ஓடத் தொடங்கும். லூப்புக்குள் வாட்ச்டாக் 10000 என்று ஒரு வரி சேர்த்தால், செய்நிரல் 10 விநாடி உறைந்து நின்றாலும் போர்டு தானே மறுபடி தொடங்கும். முழுக் கணினியான பெரிய ராஸ்பெரி பையை இதற்கு நான் சொல்லாததும் இதனால்தான். மார்கழி மழையில் கரண்ட் விட்டுவிட்டுப் போனால் அதன் எஸ்டி கார்டு கெட வாய்ப்பு அதிகம்.

பிக்கோவுக்கு மட்டும் பற்றரி வைப்பதில் பிரயோசனமில்லை, பல்ப் எரியாதே. கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள், ரிஜிபோம் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். நீண்ட வெட்டுக்கு 12 வோல்ட் பற்றரியும் 12 வோல்ட் பல்ப்பும் வேண்டும். 21 நாள் கணக்கைச் செய்நிரலில் வைக்க நேரச் சிப் தனியாக வாங்க வேண்டி வரும். அதைவிட வைத்த திகதியைப் பென்சிலால் முட்டையிலேயே எழுதுங்கள். கடைசி மூன்று நாளும் முட்டையைத் திருப்ப வேண்டாம். முட்டை வைக்க முன் வெறும் பெட்டியை ஒரு பகலும் இரவும் ஓடவிட்டு, நடுச்சாமத்து வெப்பநிலையையும் மத்தியான வெப்பநிலையையும் குறித்துப் பாருங்கள்.