திருச்சி அனுபவம் லண்டனில் செல்லுமா?

வணக்கம் தங்கை. திருச்சியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பத்து வருஷம் இருந்துவிட்டு, கணவரின் வேலைக்காக லண்டன் வந்திருக்கிறீர்கள். என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தும் ஒரு நேர்காணலுக்குக்கூட அழைப்பு இல்லை. பழையதை மறந்துவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டியதுதானா என்று கேட்டிருந்தீர்கள். மறக்கவே வேண்டாம், அதுதான் உங்கள் கைமுதல்.

அழைப்பு வராததற்குக் காரணம் பெரும்பாலும் விண்ணப்பம் எழுதும் விதம்தான். ஒவ்வொரு விளம்பரத்தோடும் 'பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' என்று ஒரு பட்டியல் வரும். கட்டாயம் வேண்டியவை ஒரு பக்கம், இருந்தால் நல்லது ஒரு பக்கம். தேர்வு செய்பவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எழுதியதில் ஆதாரம் தேடி மதிப்பெண் போடுவார்கள். அந்தக் கட்டத்தில் உங்கள் பெயர்கூட அவர்கள் கண்ணில் படாது. 'தொழில் உறவில் நல்ல அனுபவம் உண்டு' என்றால் ஒன்றும் விழாது. ஒரு தொழிலாளிக்குச் சார்ஜ் மெமோ கொடுத்ததிலிருந்து உள்விசாரணை முடியும்வரை என்ன செய்தீர்கள், சங்கத்தோடு எப்படிப் பேசினீர்கள், எதில் முடிந்தது என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். நாம் பழக்கதோஷத்தில் 'நாங்கள் செய்தோம்' என்று எழுதிவிடுவோம். 'நான் செய்தேன்' என்றே எழுதுங்கள். டிபென்டன்ட் விசாவில் இருப்பதால் நிறுவனம் உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தரத் தேவையில்லை என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

சம்பளம் 'அஜெண்டா ஃபார் சேஞ்ச்' என்ற படிநிலைப்படி. 2004 முதல் இருப்பது. மனிதவள உதவியாளர் பொதுவாக 3 அல்லது 4ஆம் பேண்ட் (சம்பளப் படி), மனிதவள ஆலோசகர் 5 அல்லது 6. நீங்கள் 5க்குப் போடலாம், 3க்கு இறங்க வேண்டாம். உள் லண்டன் என்றால் அடிப்படைச் சம்பளத்தின் மேல் 20 சதவீதம் வரை கூடுதல் படி உண்டு. அப்புறம், மனிதவளத் துறையினரின் தொழில்முறை அமைப்பான சி.ஐ.பி.டி.யின் படிப்பு. 'லெவல் 5 அல்லது அதற்கு இணையான அனுபவம்' என்று பல விளம்பரங்களில் இருக்கும். முன்பாதியைப் படித்துவிட்டே பலர் விலகிப்போகிறார்கள். அனுபவத்தை மதிப்பிட்டு உறுப்பினராக்கும் வழியும் சி.ஐ.பி.டி.யில் உண்டு, அதை விசாரிக்காமல் லெவல் 3 வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

வேலைக்குள் போனதும் பழக வேண்டிய பெரிய மாற்றம், முடிவு நம் கையில் இல்லை என்பது. வார்டு மேலாளர் போனில் கூப்பிடுவார்: "இந்த உதவியாளர் மறுபடி லீவு போட்டுவிட்டார், எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிடட்டுமா?" நாம் உடனே சரி என்று சொல்வதில்லை. ஆக்குபேஷனல் ஹெல்த்துக்கு (ஊழியர் உடல்நலப் பிரிவு) அனுப்பினீர்களா, நீண்டகால நோயா, 2010 சமத்துவச் சட்டப்படி வேலையில் ஏதாவது மாற்றித்தர வேண்டுமா என்று கேட்போம். அப்புறம் ஒரு சிறிய அறையில் சந்திப்பு. அந்த உதவியாளர் பக்கத்தில் யூனிசன் தொழிற்சங்கப் பிரதிநிதி, எதிரே மேலாளர், மேலாளருக்குப் பக்கத்தில் நாம். முடிவு மேலாளருடையது, அது நியாயமான வழியில் எடுக்கப்படுகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. சங்கத்தோடு மேசையில் உட்கார்ந்து பழகிய உங்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்தது.

நம்மவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒழுங்கு நடவடிக்கைக்குள் யார் அதிகம் இழுக்கப்படுகிறார்கள் என்பதை இனவாரியாக ஒவ்வொரு டிரஸ்ட்டும் (மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ். அமைப்பு) கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்ற விதி 2015இல் வந்தது. வெள்ளையர் அல்லாத ஊழியர்களே விகிதப்படி அதிகம் என்று அந்தக் கணக்குகள் காட்டின. முறையான விசாரணைக்குப் போகும் முன்பே, "முதலில் அவரிடம் பேசிப் பார்த்தீர்களா?" என்று கேட்க அந்த அறையில் ஓர் ஆள் வேண்டும். நான் இதை மனதார நம்புகிறேன்.

ஒரு காரியத்தை இன்றே தொடங்குங்கள். சேர்வதற்குமுன் கடைசி மூன்று வருஷ வேலைக்காவது சான்று கேட்பார்கள். நம் ஊர்ப் பொதுத்துறை அலுவலகத்திலிருந்து பதில் வருவதற்குள் மாதம் ஓடிவிடும். சர்வீஸ் சர்டிஃபிகேட்டை இப்போதே வாங்கிவிடுங்கள். ரெஃபரன்ஸுக்கு அலுவலக மின்னஞ்சல் முகவரியே கொடுங்கள், ஜிமெயில் முகவரியைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

அடுத்து விண்ணப்பம் போடப்போகும் வேலையின் விளம்பரத்தையும் நீங்கள் எழுதியதையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். நிறைய விண்ணப்பம் வந்தால் கடைசித் தேதிக்கு முன்பே மூடிவிடுவதும் உண்டு, அதனால் தாமதிக்க வேண்டாம்.