சூடானால் மட்டும் மூன்றாம் கியரில் மாட்டும் வண்டி

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி முடிக்கும்போது உங்கள் ஆட்டோமேட்டிக் வண்டி மூன்றாம் கியரிலேயே மாட்டிக்கொள்கிறது, தருமபுரியில் அரைமணி நேரம் நிறுத்தி எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது, ஸ்கேனரில் பி 0753 என்ற கோளாறுக் குறியீடு வந்தது என்கிறீர்கள். சரி, அவசரப்பட்டு கியர்பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள். 0753 என்றால் ஷிஃப்ட் சாலினாய்டு ஏ-யின் (கியர் மாற்ற ஆயிலைத் திறந்து மூடும் மின்வால்வு) மின்சுற்றுக் கோளாறு. மின்சுற்று சரியாக இருந்து வால்வு சிக்கியிருந்தால் பெரும்பாலும் 0751 அல்லது 0752 வரும்.

ஆறிப்போன வண்டியில் சாலினாய்டின் மின்தடையை (ஓம்) பார்த்துவிட்டு மெக்கானிக் "நல்லாத்தானே இருக்கு" என்றால் அதை நம்ப வேண்டாம். கணவாய் ஏறி வந்த சூட்டோடு, சாவியை அணைத்து, கியர்பாக்ஸுக்குப் போகும் வயர் கனெக்டரைக் கழற்றி, சாலினாய்டு பக்கத்துப் பின்களில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது செம்புச் சுருள், 70 டிகிரி கூடினால் மின்தடை கால்பங்குக்குச் சற்று மேல் ஏறத்தான் செய்யும், 15 ஓம் 19 ஆனால் பயப்பட வேண்டாம். வயரை லேசாக ஆட்டும்போது மீட்டர் திடீரென ஓ.எல். (இணைப்பு அறுந்திருக்கிறது என்று பொருள்) காட்டினால் அங்கேதான் விஷயம்.

என் வண்டியில் கனெக்டருக்குள் ஆயில் கசிந்து, ஒரு பின் பச்சை பூத்துத் தளர்ந்திருந்தது. ஸ்ப்ரே அடித்துத் துடைத்துப் பின்னை இறுக்கியதோடு சரி. அப்புறம், வெளியே எல்லாம் சுத்தமாக இருந்தால் கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பேனை (ஆயில் தட்டை) இறக்கி உள் வயரிங்கையும் சாலினாய்டையும் பாருங்கள். பல வண்டிகளில் அதற்கு கியர்பாக்ஸை இறக்கவே வேண்டியதில்லை.