டிரையல்ல சேரச் சொல்றாங்க, கையெழுத்துப் போடலாமா?
வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கண் சொட்டு மருந்து பத்தின ஒரு கேள்விக்குப் பதில் சொல்றப்ப, நான் பதினாலு வருஷம் ஆஸ்பத்திரியில கிளினிக்கல் டிரையல், அதாவது ஒரு வைத்தியம் வேல செய்யுதான்னு ஆளுங்ககிட்ட சோதிச்சுப் பாக்குற ஆய்வு, அதுல கோ-ஆர்டினேட்டரா வேல பாத்தேன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அதப் பிடிச்சுக்கிட்டு இந்த மாசம் வந்த கடுதாசியில பாதி அதப் பத்தியே இருக்கு. அதனால இந்தத் தடவ முழுசா இதுக்கே.

அக்கா, அறுப்பு நேரத்துல எங்கப்பா கண்ணுல நெல்லு உமி பட்டுடுச்சு. நாலு நாள்ல கருவிழி வெள்ளையாயிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில பூஞ்சைக் கிருமின்னு சொல்லி, ரெண்டு மருந்துல ஏதோ ஒண்ணு போடுவோம், எதுன்னு உங்களுக்கும் தெரியாது போடுற டாக்டருக்கும் தெரியாது, இது டிரையல், விருப்பம்னா கையெழுத்துப் போடுங்கன்னாங்க. எங்க மாமா "மச்சான என்ன சோதனை எலின்னு நெனச்சீங்களா"ன்னு சண்ட போட்டு வெளிய கூட்டிட்டு வந்துட்டாரு. இப்ப வேற டாக்டர்கிட்ட காட்டுறோம். நாங்க செஞ்சது சரியா?
வாசகி, திருவாரூர் மாவட்டம்

மொதல்ல அப்பா கண்ணப் பாரும்மா. சொட்டு மருந்த எழுதிக்குடுத்த நேரத்துக்கு ஒரு வேளகூட தவறாம போடணும், ராத்திரி போடச் சொல்லியிருந்தா எழுப்பிப் போடு. யாரோ சொன்னாங்கன்னு தாய்ப்பால், வெளக்கெண்ணெய் எதையும் கண்ணுல ஊத்திடாத, கடையில நீங்களே கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுடாதீங்க, பூஞ்சைப் புண்ணுக்கு அது நெருப்புல எண்ண ஊத்துன மாதிரி.

இப்ப மாமா விஷயத்துக்கு வர்றேன். டாக்டருக்கே தெரியாதுன்னா பயமாத்தான் இருக்கும். ஆனா ரெண்டுல எது நல்லதுன்னு நிஜமாவே தெரியாதப்பதான் இப்படி ஒரு டிரையல் நடத்த அனுமதி குடுப்பாங்க, ஒண்ணு மட்டம்னு முன்னாடியே தெரிஞ்சா, டிரையல் நியாயமா நடக்குதான்னு பாக்குற எத்திக்ஸ் கமிட்டி அத விடக்கூடாது. உங்கப்பாவுக்கு வந்த இதே வியாதிக்கு, இதே நம்ம ஊர்லயே நடந்த டிரையல் ஒண்ணு சொல்றேன். 2010, 2011-ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரிகள்ல, மதுரை, கோயம்புத்தூர், பாண்டிச்சேரி பக்கம், பூஞ்சைப் புண்ணோட வந்த 323 பேர ரெண்டு பிரிவாக்கி, பாதிப் பேருக்கு நேட்டமைசின்ங்கற பழைய மருந்து, மீதிப் பேருக்கு வோரிகோனசோல்ங்கற புது மருந்து குடுத்தாங்க. மொத வாரம் முழிச்சிருக்குற நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. புதுசுதான் ஜெயிக்கும்னு பல டாக்டருங்க எதிர்பாத்த நேரம் அது, வெலையும் புதுசுக்குத்தான் ஜாஸ்தி. கடைசியில ஜெயிச்சது பழைய நேட்டமைசின். புது மருந்து போட்டவங்கள்ல கருவிழி ஓட்டையானவங்க அதிகம், பார்வையும் கம்மி. 2013-ல அந்த ரிசல்ட் வெளியாச்சு. அந்த டிரையல் நடக்கலன்னா நம்ம விவசாயிங்க கடன வாங்கி வெல ஒசந்த மருந்தப் போட்டு கண்ணையும் தொலைச்சிருப்பாங்க. இத எழுதுறப்பகூட எனக்கு மனசு பதறுது.

யாருக்கு எதுன்னு டாக்டர் முடிவு பண்ணக்கூடாது, கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குற மாதிரி பிரிக்கும். ஏன்னா டாக்டரும் மனுஷன்தானே, புண்ணு பெருசா இருக்குறவங்களுக்குப் புதுச குடுப்போம்னு தோணும், அப்படிப் பண்ணா ரிசல்ட்டே கோணலாயிடும். எது போட்டோம்னு தெரியாம வெக்குறதும் அதுக்குத்தான்.

அதுக்காக நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லமாட்டேன். வேண்டாம்னு சொல்றது உங்க உரிமை, பாதியில விலகுறதும் உரிமை. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு வருத்தம், அந்த ஆஸ்பத்திரியவே விட்டு வந்திருக்க வேண்டியதில்ல. "டிரையல் வேண்டாம், வழக்கமான வைத்தியம் குடுங்க"ன்னு கேட்டா குடுத்துத்தான் ஆகணும். கையெழுத்துப் போடலன்னா பாக்கமாட்டோம்னு யாராச்சும் சொன்னா அங்கதான் உங்க மாமா சண்ட போடணும்.

வெளிநாட்டுக் காசுல நம்ம ஏழைங்க உடம்புல ஆராய்ச்சி பண்றாங்க, பலன் அவங்களுக்கு, வலி நமக்கு. இத நீங்க மறுக்க முடியுமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

மறுக்கலைங்க அய்யா, அப்படி நடந்திருக்கு. 2009-ல அப்போதைய ஆந்திராவோட கம்மம் மாவட்டத்துலயும் குஜராத்ல வதோதராவுலயும், கர்ப்பப்பை வாய் புற்றுநோய் தடுப்பூசிய 10-லேர்ந்து 14 வயசுப் பொண்ணுங்களுக்கு ஆய்வா போட்டாங்க. ஹாஸ்டல்ல இருந்த பழங்குடிப் புள்ளைங்களுக்கு அப்பா அம்மாவக் கேக்காம வார்டனுங்க கையெழுத்துப் போட்டிருந்தாங்க. 2010-ல அத நிறுத்துனாங்க, 2013-ல பார்லிமென்ட் கமிட்டி கடுமையா அறிக்கை குடுத்துச்சு. தடுப்பூசி நல்ல தடுப்பூசி, எம் பொண்ணுக்கே போட்டிருக்கேன். ஆனா பெத்தவங்களக் கேக்காம புள்ள கையில ஊசி குத்துனத நான் எந்தக் காலத்துலயும் நியாயப்படுத்தமாட்டேன்.

ஆனா அய்யா, இன்னொரு கதையும் நம்ம மண்ணுலதான் நடந்துச்சு. 1956-ல சென்னையில, இப்ப சேத்துப்பட்டுல இருக்குற காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கே, அத ஆரம்பிச்சாங்க. ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேந்து. அன்னிக்கு டிபின்னா சானடோரியத்துல போய் மாசக்கணக்குல படுத்துக் கெடக்கணும், நல்ல காத்து, முட்ட, பாலு. இருந்த டிபிக்காரங்களுக்கு அத்தன கட்டிலுக்கு எங்க போறது? அதனால 193 ஏழ நோயாளிங்களப் பிரிச்சு, ஒரு பாதிய சானடோரியத்துல சேத்தாங்க, இன்னொரு பாதிக்கு அதே மாத்திரையக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீடுன்னா, ஒரே ரூம்ல ஆறு ஏழு பேர் படுக்குற வீடு, வேலைக்குப் போகாட்டி அடுப்பெரியாத வீடு. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். அஞ்சு வருஷம் பின்தொடர்ந்து பாத்ததுல, வீட்டுல இருந்தவங்களால குடும்பத்துக்குக் கூடுதலா தொத்தவும் இல்ல. 1959-ல அந்த மொத வருஷ ரிசல்ட் வெளிவந்த பிறகு உலகம் முழுக்க சானடோரியத்துக்குத் தேவை கொறஞ்சுது. இன்னிக்கு ஒரு அம்மா டிபி மாத்திரைய வீட்டுல போட்டுக்கிட்டு புள்ளைக்கு சோறு ஊட்டுறாங்கன்னா அதுக்கு மெட்ராஸ்ல அன்னிக்கு சரின்னு சொன்ன அந்த 193 பேரும் காரணம். அவங்க பேரு நமக்குத் தெரியாது, எனக்கு அது ஒரு கொறதான்.

டிரையல்ல ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா யார் செலவு பண்ணுவாங்க? நஷ்டஈடு உண்டா?
வாசகர், ஈரோடு

உண்டு. 2019-ல வந்த புது மருந்து மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள்படி, டிரையல்ல இருக்குறப்ப உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா தேவப்படுற வரைக்கும் இலவசமா வைத்தியம் பாக்கணும், டிரையலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு நிரூபணமாகுற வரைக்கும். டிரையலாலதான்னு ஆச்சுன்னா அத நடத்துற ஸ்பான்சர் நஷ்டஈடு தரணும், உயிர் போயிட்டா வாரிசுக்குத் தரணும். ஏற்கனவே நல்ல மருந்து இருந்தும் அதக் குடுக்காம வெறும் டம்மி மாத்திரையக் குடுத்து அதனால பாதிப்பு வந்தாலும் இதே கணக்குதான். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, மருந்து வேல செய்யலங்கறதுக்காக மட்டும் நஷ்டஈடு கெடைக்காது.

சேர்றதுக்கு முன்னாடி சிடிஆர்ஐ நம்பர் கேளுங்க. நம்ம நாட்டுல நடக்குற டிரையல பதிவு பண்ற அரசாங்கப் பதிவேடு அது, 2007-ல ஆரம்பிச்சாங்க, 2009-லேர்ந்து கட்டாயம். நம்பர்ல வருஷமும் மாசமும் இருக்கும், யார் வேணும்னாலும் நெட்ல போட்டு, யார் காசு குடுக்குறாங்க, எத்தன பேர், எந்தெந்த ஊருன்னு பாக்கலாம். நம்பர் குடுக்கத் தயங்குனா எழுந்து வந்துடுங்க.

எட்டு வயசுப் பையனுக்கு ரெண்டு பக்கமும் கடவாய்ப் பால்பல்லு சொத்த. டென்டல் காலேஜ்ல வலது பக்கம் ஒரு வைத்தியம், இடது பக்கம் வேற வைத்தியம், ஆய்வுன்னு சொல்றாங்க. ஒரே வாயில ரெண்டு வைத்தியமா?
வாசகி, சேலம்

ஆமா தங்கச்சி, பல்லுல அந்த வசதி இருக்கு. ஒரே புள்ள, ஒரே எச்சி, ஒரே பிரஷ், திங்குறதும் ஒரே மிட்டாய், அப்ப ரெண்டு பல்லுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் வைத்தியத்தால வந்ததுதான்னு தெளிவாத் தெரியும். ஸ்காட்லாந்துல 132 புள்ளைங்கள வெச்சு இப்படித்தான் பாத்தாங்க. ஒரு பக்கம் வழக்கம்போல அடைச்சாங்க, இன்னொரு பக்கம் ஊசி, டிரில் எதுவும் இல்லாம சொத்த மேலயே மெட்டல் கேப்ப மாட்டி மூடிட்டாங்க. நெறைய புள்ளைங்களுக்குக் கேப்தான் பிடிச்சுது, வருஷங்கழிச்சுப் பாத்தப்ப தாக்குப் பிடிச்சதும் அதுதான்.

பையன்கிட்டயும் கேக்கணும், ஏழு வயசு தாண்டுனா புள்ளையோட சம்மதமும் வேணும், உங்க கையெழுத்து மட்டும் பத்தாது. 1940-கள்ல ஸ்வீடன்ல வீபெஹோல்ம்ங்கற எடத்துல மனவளர்ச்சி கொறஞ்சவங்களுக்கு ஒட்டுற டாஃபியா குடுத்து பல்ல அழுக விட்டுப் பாத்தாங்க, ஒருத்தர்கிட்டயும் கேக்கல. இனிப்பு பல்லக் கெடுக்கும்னு உலகத்துக்குத் தெரிஞ்ச ஒரு பெரிய வழி அது, நெனச்சாலே நெஞ்சு கனக்குது.

எந்தங்கச்சி மன அழுத்தத்துல இருக்கா. மாத்திரை இல்லாம வெறும் பேசுறதுக்கு ஒரு டிரையல் இருக்காம். பேசுறதுல என்ன டிரையல் அக்கா?
வாசகி, தூத்துக்குடி

பேசுறதையும் சோதிச்சுத்தான் பாக்கணும், இல்லன்னா எந்தப் பேச்சு உதவுது எது உதவலன்னு எப்படித் தெரியும். கோவாவுல ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல கிட்டத்தட்ட 500 பேர் கடுமையான மன அழுத்தத்தோட வந்தாங்க. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம், மீதிப் பேருக்கு அதோட கூட ஆறுலேர்ந்து எட்டு தடவ ஆலோசன. ஆலோசன சொன்னவங்க டாக்டரும் இல்ல சைக்காலஜிஸ்ட்டும் இல்ல, பயிற்சி குடுத்த சாதாரண ஆளுங்க. மனசு சரியானப்புறம் வேலயப் பாப்போம்னு இருக்காம, சின்னச் சின்ன வேலயா செஞ்சு மனசக் கொண்டுவர்றது அந்த மொறை. மூணு மாசத்துல ஆலோசன கெடச்சவங்கள்ல 64 சதவீதம் பேர் தேறிட்டாங்க, மத்த பக்கம் 39. 2017-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு.

தங்கச்சி சாவு பத்திப் பேசுறாளான்னு மட்டும் நேராக் கேட்டுடு, கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு பயப்படாத. பேசுனான்னா டிரையலுக்காகக் காத்திருக்காம இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, டெலி-மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர் 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க.

கன்சென்ட் ஃபார்ம்ங்கற சம்மதப் படிவம் பன்னெண்டு பக்கம் இருக்கு. இத யாருங்க படிக்குறது? கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டா போதாதா?
வாசகர், விழுப்புரம்

இதுக்கு என் கதையத்தான் சொல்லணும். ஒரு நாள் சாயங்காலம் ஓபி முடியுற நேரம், எல்லாருக்கும் பஸ்ஸப் பிடிக்குற அவசரம். ஒரு பாட்டிக்கு நான் மேலோட்டமா சொல்லிட்டு நேராக் கடைசிப் பக்கத்தத் திருப்பிக் கைநாட்டு வாங்கிட்டேன். படிக்கத் தெரியாதவங்கன்னா சம்பந்தமில்லாத ஒரு சாட்சி மொதல்லேர்ந்து கூடவே இருந்து கேக்கணும், நான் கடைசியில ஒருத்தரக் கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்குனேன். மூணாவது விசிட்ல பாட்டி கேட்டாங்க, "பார்வ வந்துரும்னு எழுதி வாங்குனியே தாயி, இன்னும் வரலயே." எனக்கு உசுரே போச்சு. அந்தத் தாள அவங்க ஆஸ்பத்திரி குடுத்த உத்தரவாதம்னு நெனச்சிருக்காங்க. அன்னிக்கே பெரிய டாக்டர்கிட்ட சொல்லி, பேரன வரவெச்சு, மறுபடி மொத வரியிலேர்ந்து சொன்னேன். பாட்டி யோசிச்சு டிரையல விட்டு விலகிட்டாங்க, வைத்தியம் அங்கயேதான் தொடர்ந்துச்சு.

அதனால தம்பி, பன்னெண்டு பக்கத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, தரமாட்டோம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்ல. தமிழ்ல இருக்கான்னு பாருங்க. வழக்கமான வைத்தியத்தவிட இதுல என்ன கூடுதலா பண்றாங்க, எத்தன தடவ ரத்தம் எடுப்பாங்க, பஸ் காசு யாரு தருவா, இதுல சேரலன்னா எனக்கு என்ன மருந்து, இந்த நாலையும் பென்சில்ல ஓரத்துல எழுதிட்டுப் போய் கேளுங்க. எத்திக்ஸ் கமிட்டியோட ஃபோன் நம்பர் அதுலயே இருக்கும். கமிட்டியில கொறஞ்சது ஏழு பேர் இருக்கணும், அதுல டாக்டர் இல்லாத சாதாரண ஆளு ஒருத்தர் கட்டாயம். சந்தேகம்னா அந்த நம்பருக்கு அடிங்க. கையெழுத்துப் போட்டப்புறம் உங்களுக்கு ஒரு காப்பி தருவாங்க, ரேஷன் கார்டு வெக்குற பையிலயே அதையும் வெச்சுக்கோங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாச்சும் ஆனா யாரக் கூப்பிடணும்ங்கறது அந்தத் தாள்லதான் இருக்கும்.