ஜெபக்கூட்டத்தில் அழுவது வெறும் உணர்ச்சியா, ஆண்டவரின் செயலா?

"ஆவிக்குரிய கூட்டங்களில் ஏன் இப்படிக் கதறி அழுகிறார்கள்? கடவுள் நிஜமாகவே தலையிடுகிறார் என்றால் அமைதியாகக் கேட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள், உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அம்மாவின் முகம்தான் வந்தது.

நான் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன். 10க்கு 12 அடி காம்பரா (அறை), அதில் ஆறு பேர். பக்கத்துக் காம்பராவில் இருமினால் எங்களுக்குக் கேட்கும். அந்த வீட்டில் ஒரு பெண் எங்கே உட்கார்ந்து அழுவாள்? மலையில் அழுதால் கங்காணி பார்ப்பார், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அழுதால் லயமே பேசும். அம்மாவுக்கு இருந்த ஒரே இடம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே வருவார். பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் கறையேறிக் கறுத்து, நுனி வெடித்திருக்கும். கண்ணீரைத் துடைக்கும்போது அந்த வெடிப்பில் உப்புப் பட்டு எரியும், கையை உதறிக்கொள்வார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தது இது. இதை நடிப்பு என்று யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடியாது.

1996இல் என் தம்பிக்கு நான்கு வயது. ஒரு ராத்திரி வலிப்பு வந்து நிற்கவே இல்லை. தோட்டத் துரையின் பங்களாவில் வண்டி நின்றது, ஓட்ட ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் எங்கள் இஸ்தோப்பில் (வீட்டுத் திண்ணையில்) முழங்கால் போட்டுக் கதறினார்கள். கொஞ்ச நேரத்தில் மரக்கறி லொறி ஒன்று ரோட்டில் வந்தது. டிரைவர் சிங்களவர். எதுவும் கேட்காமல் பிள்ளையை ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். தம்பி பிழைத்தான். "ஆண்டவர் லொறி அனுப்பினார்" என்று அம்மா சபையில் சாட்சி சொன்னார். தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம், சொல்லுங்கள். நான் அம்மா பக்கம்தான்.

அப்புறம் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர், "சுகம் கிடைத்த பிள்ளைக்கு மாத்திரை எதற்கு? அது அவிசுவாசம்" என்றார். அம்மா நிறுத்திவிட்டார். பதினோராம் நாள் விடியற்காலையில் மறுபடி வலிப்பு. டொக்டர் ஏசினார், அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு மாத்திரைகள் பால்மா டின்னுக்குள் போயின. லாம்பை அணைத்த பிறகுதான் தம்பிக்குக் கொடுப்பார், சபைக்காரர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதாம். பல மாதம் சாட்சி சொல்ல எழும்பவில்லை. "நான் சொன்னது பொய்யாடா தம்பி?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். எனக்கு 13 வயது. பதில் தெரியவில்லை.

இன்றைக்குத் தெரியும். இல்லை, அம்மா பொய் சொல்லவில்லை. லொறி அனுப்பியவர் மாத்திரையையும் அனுப்பினார். லண்டனில் 1738 மே 24ஆம் தேதி இருதயம் விநோதமாய் அனல்கொண்டது என்று எழுதிய அதே ஜோன் வெஸ்லிதான், மெதடிஸ்த சபையைத் தொடங்கியவர், 1746இல் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார், அடுத்த வருடம் கைவைத்தியப் புத்தகமும் எழுதினார். அவருக்கு இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதவில்லை. அவர் வழிவந்த மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். வெஸ்லி காலத்து அமெரிக்கப் பிரசங்கியார் ஜொனதன் எட்வர்ட்ஸ், அழுவதும் நடுங்குவதும் ஆவியானவரின் வேலை என்பதற்கும் அத்தாட்சி இல்லை, இல்லை என்பதற்கும் அத்தாட்சி இல்லை, பிறகு அந்த ஆள் எப்படி நடக்கிறார் என்று பாருங்கள் என்று 1746இலேயே எழுதிவிட்டார். ஆகவே நீங்கள் அழாமல் உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

சபையைத் தாக்குகிறேன் என்று சிலர் வருவீர்கள். நான் இன்றும் அதே சபைக்குத்தான் போகிறேன். எனக்கு வலிப்பதெல்லாம் படித்தவர்களின் ஏளனம்தான். தோட்டத்துச் சனங்கள் உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்கிறார்கள். 2021இல் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று சட்டமானது. எங்கள் தோட்டத்தில் பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள். அதைப் பற்றி இவர்கள் ஒரு வரி எழுதியதில்லை.

சாமுவேலின் தாய் அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதபோது, ஆசாரியர் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். "கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்றாள் அவள். அம்மாவின் பைபிளில் அந்தப் பக்கம் மட்டும் ஓரம் கறுத்துப்போயிருக்கும், விரல் கறை. தம்பி இப்போது ஹட்டனில் ஓட்டோ ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை மழை பெய்தால் அவன்தான் வந்து அம்மாவைக் கூட்டத்துக்கு ஏற்றிப்போகிறான்.