பால் கொடுக்கும்போது டாட்டூ குத்தலாமா? கர்ப்பிணித் தங்கச்சியும் சேர்ந்து குத்தலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகனுக்கு நாலு மாதம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். கட்டாரில் வேலை செய்யும் கணவர் அடுத்த மாதம் லீவில் வருகிறார். இரண்டு பேரும் மகனின் பெயரைக் கையில் டாட்டூ குத்த ஆசைப்படுகிறோம். சீசன் என்பதால் பீச் பக்கம் கடைகள் இருக்கின்றன. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் தங்கச்சியும் எங்களோடு சேர்ந்து குத்தப்போவதாக நிற்கிறாள். அவளுக்கு ஏற்கெனவே இடுப்புக்குப் பின்பக்கம் ஒரு டாட்டூ இருக்கிறது. அதனால் சிசேரியன் என்றால் முதுகில் ஊசி போடமாட்டார்களா என்றும் கேட்கிறாள். மை பாலில் இறங்கிப் பால் நீலமாகிவிடும் என்கிறார் மாமி. லண்டனில் இருக்கும் மச்சாளோ, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் தான் குத்தியதாகவும் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் கணவர் குத்தலாம், கடையை நன்றாகப் பார்த்துவிட்டு. நீங்கள் மகனுக்கு ஒரு வயது ஆகும்வரை பொறுங்கள். தங்கச்சிக்கு இப்போது வேண்டவே வேண்டாம். மூன்று பேருக்கும் மூன்று பதில் ஏன் என்றால், இதில் முக்கியமாகப் பயப்பட வேண்டியது மையைவிட ஊசிக்குத்தான்.

மாமியின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். டாட்டூ ஊசி தோலின் மேல் அடுக்கைத் தாண்டி, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் மையை வைக்கிறது. வெளியிலிருந்து ஏதோ வந்துவிட்டது என்று உடம்பின் வெள்ளை அணுக்கள் ஓடிவந்து அந்த மைத் துணிக்கைகளை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் அதைச் செரிக்க முடிவதில்லை. விழுங்கியதோடு அங்கேயே தங்கிவிடுகின்றன. டாட்டூ வருடக்கணக்காக அழியாமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். கொஞ்சம் மை நிணநீரோடு நகர்ந்து அக்குள் போன்ற இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்களில் படியும். தாய்ப்பாலோ மார்புச் சுரப்பிகளில் இரத்தத்திலிருந்து எடுத்த சத்துகளால் உருவாகிறது. மைத் துணிக்கைகள் அந்தச் சுரப்பிக் கலங்களைக் கடக்க முடியாத அளவு பெரியவை என்பதே பொதுவான மருத்துவக் கருத்து. ஆகவே பால் நீலமாகாது, கறுப்பாகவும் ஆகாது.

அதற்காக மை சுத்தமான பொருள் என்றும் நினைத்துவிட வேண்டாம். டாட்டூ மைகளில் நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தோலுக்குள் ஏற்றுவதற்கு என்று எந்த நிறமியையும் அங்கீகரிக்கவில்லை. குப்பிக்குள்ளேயே கிருமி இருப்பதும் உண்டு. 2011 இறுதியில் நியூயோர்க் மாநிலத்தின் ரொசெஸ்டர் நகரில் ஒரே டாட்டூக் கலைஞரிடம் குத்திய 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது. காசநோய்க் கிருமியின் உறவினம் ஒன்றுதான் காரணம். அது வந்தது கலந்தே விற்கப்பட்ட சாம்பல் நிற மையிலிருந்து. அந்தக் கலைஞர் ஊசியைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார். இப்படிப்பட்ட தொற்றுக்கு மாதக்கணக்கில் அன்டிபயோட்டிக் எடுக்க வேண்டிவரும். தங்கச்சியின் நிலையில் இதை யோசித்துப் பாருங்கள்: அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் சிலவற்றை, உதாரணமாக டொக்சிசைக்ளினை, கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயங்குவோம். மற்றவர்களுக்குச் சின்னத் தலைவலியாக முடிவது அவளுக்கு மருந்து தெரிவு செய்வதிலேயே பெரிய இழுபறியாகிவிடும்.

இனி ஊசி. இரத்தத்தால் பரவும் மூன்று கிருமிகளை இங்கே கவனிக்க வேண்டும்: ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி வைரஸ்கள், பிறகு எச்.ஐ.வி. எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் முதலில் பயப்பட வேண்டியது பி-க்கு. வைத்தியசாலை ஊழியர்களுக்குத் தவறுதலாக ஊசி குத்திய சம்பவங்களை வைத்துப் போட்ட கணக்கு இது: நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், சி சுமார் 2 சதவீதம், தடுப்பூசி போடாதவருக்கு பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். டாட்டூ ஊசிக்கு மருந்தேற்றும் ஊசியைப் போல நடுவில் குழாய் இல்லாததால் இதே எண்களை அப்படியே பொருத்த முடியாது, ஆனால் எது முதலில், எது கடைசியில் என்ற வரிசை மாறாது. அதோடு பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தக் கறையில்கூட, ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஊசியைப் புதிதாகப் பிரித்துவிட்டு, முந்தியவருக்குப் பாவித்த மைக் கிண்ணத்திலேயே அதைத் தோய்த்தால் பிரித்ததில் பலன் இல்லை.

பெரியவர்களுக்கு பி தொற்றினால் சிலருக்குச் செங்கமாரி வரும், பெரும்பாலும் சில மாதங்களில் உடம்பே கிருமியை விரட்டிவிடும். நூறில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அது நிரந்தரமாகத் தங்கும். பச்சைப் பிள்ளைக்குத் தொற்றினால் கணக்கு தலைகீழ். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் நோயாகிறது. பிறகு ஈரல் சுருங்கல், ஈரல் புற்றுநோய் என்று போகலாம். தாய்க்கு நோய் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், பிள்ளை பிறந்தவுடன் தடுப்பூசியும் இம்யூனோகுளோபியூலின் என்ற தயார் எதிர்ப்பொருள் ஊசியும் போட்டுப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பிரச்சினை அந்தத் ‘தெரிந்தால்’ என்பதில்தான் இருக்கிறது. உங்கள் தங்கச்சி முதல் கிளினிக்குக்குப் போனபோதே இரத்தம் எடுத்திருப்பார்கள். எச்.ஐ.வி.யும் சிபிலிசும் இருக்கிறதா என்று நம் நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பார்க்கிறார்கள். அந்த ஒழுங்கினால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை இரண்டும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஆனால் அந்தச் சோதனை முடிந்த பிறகு, ஐந்தாம் மாதத்தில் போய் டாட்டூ குத்தினால், அட்டையில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருப்பது பழைய கதை. தொற்றிய உடனே சோதித்தாலும் தெரியாது. பி-க்கு சுமார் ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும், சி-க்கு இரண்டு மாதத்துக்கு மேலும் எடுக்கலாம். யாருக்கும் தெரியாமலே பிரசவ அறைக்குள் போய்விடுவாள். இலங்கையில் இந்த நோய்கள் குறைவுதான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தள்ளிப்போட முடிந்த ஒரு ஆசைக்காக அந்தச் சின்ன ஆபத்தைக்கூட எடுக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் போடும் ஏற்புவலி ஊசி இதற்கெல்லாம் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அது ஏற்புவலிக்கு மட்டும்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். பால் கொடுக்கும் தாய் டாட்டூ குத்தினால் பிள்ளைக்குக் கேடு வந்தே தீரும் என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. லண்டன் மச்சாளுக்கு ஒன்றும் நடக்காததில் ஆச்சரியமில்லை. ஆனால் உங்கள் மகன் இப்போது முழுக்க உங்கள் பாலில்தான் இருக்கிறான். உங்களுக்குக் காய்ச்சல், சீழ், வலி என்று வந்தால் அவனுடைய சாப்பாடும் தடுமாறும். பிரசவத்தில் இழந்த இரும்புச்சத்து இன்னும் முழுக்கத் திரும்பாமலும் இருக்கலாம். சரியான நித்திரையும் இராது. ஆறு மாதத்தில் வேறு உணவு தொடங்கி, ஒரு வயதளவில் அவன் சோறு பருப்பு சாப்பிடும்போது பால் ஒரு பகுதி உணவுதான். அப்போது குத்துவதற்கு நான் தடை சொல்லமாட்டேன். அதற்காகப் பால் மறக்கவைக்கவும் தேவையில்லை. மார்பில் மட்டும், பால் கொடுத்து முடிக்கும் வரை, வேண்டவே வேண்டாம்.

இடைப்பட்ட காலத்தில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 2003இல். உங்கள் மகனுக்கு இரண்டு, நாலு, ஆறு மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் அதுவும் இருக்கிறது. உங்கள் வயதுக்காரர்களுக்கோ அது அநேகமாகக் கிடைத்திருக்காது. பெரியவர்களுக்கு மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. பால் கொடுக்கும்போதும், கர்ப்பமாக இருக்கும்போதும் போடலாம். இப்போதே தொடங்கினால் மகனுக்குப் பத்து மாதம் ஆகும்போது முடிந்துவிடும். கணவரும் போட்டுக்கொள்வது நல்லது. ஏனென்றால் ஹெபடைட்டிஸ் பி தாம்பத்திய உறவிலும் பரவும். அவர் கையில் குத்திய ஊசியின் ஆபத்து உங்கள் வீட்டுக்குள்ளும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் அவர் போகும் கடையை நீங்களும் ஒருதடவை போய்ப் பாருங்கள். உறையில் அடைத்த ஒருதடவை ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். மையைப் பெரிய குப்பியிலிருந்து சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும். மிஞ்சியதைத் திரும்பக் குப்பிக்குள் ஊற்றினால் எழும்பி வந்துவிடுங்கள். மையைத் தண்ணீர் விட்டுக் கலக்கினால், அது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். திரும்பப் பாவிக்கும் கருவிகளை வைத்தியசாலைகளில் செய்வதுபோல ஓட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கருவியில் அவிக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்பிரிட்டால் துடைப்பது போதாது. மணலுக்கு மேலே ஓலைக் கொட்டிலில், காற்றோடு மணல் வந்து விழும் இடத்தில் குத்துவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, கலைஞர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும். அப்புறம், குத்திவிட்டு நேரே நிலாவெளியில் கடல்குளிப்பு, அடுத்த நாள் கன்னியா வெந்நீரூற்று என்று லீவுத் திட்டம் இருந்தால் வரிசையை மாற்றுங்கள். குளிப்பெல்லாம் முதலில், டாட்டூ கடைசியில். புதிய டாட்டூ ஒரு திறந்த புண். ஆற இரண்டு, மூன்று வாரம் வேண்டும். குத்திய ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாக் கடலில் நீந்திய ஒருவர், கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி புண்ணுக்குள் போய் இறந்தது 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவருக்கு ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தது, ஆகவே எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனாலும் பொறுக்க வேண்டியது சில வாரம்தானே.

இதைப் படிப்பதற்குள் யாராவது குத்திவிட்டிருந்தால் பதற வேண்டாம். பாலை நிறுத்தாதீர்கள். புண்ணைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, பிள்ளையின் வாயும் கையும் படாமல் சுத்தமான துணியால் மூடிவையுங்கள். வலிக்குப் பரசிட்டமோல் போதும். இபுபுரோஃபென் பால் கொடுப்பவருக்குப் பரவாயில்லை, கர்ப்பிணிக்கு வேண்டாம். நாளாக நாளாகச் சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் டொக்டரிடம் போங்கள். ஊசியை இன்னொருவருக்கும் பாவித்தார்கள் என்ற சந்தேகம் இருந்தால் காத்திருக்கவே கூடாது: பி தடுப்பூசியை 24 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் வேலை செய்யும். மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் வெட்கப்படாமல் நடந்ததைச் சொல்லுங்கள். பழைய டாட்டூவை லேசரால் அழிக்கும் யோசனை இருந்தால் அதையும் பால் கொடுத்து முடித்த பிறகே. லேசர் மையைப் பொடியாக்கி உடம்புக்குள் விடுகிறது.

தங்கச்சிக்கு ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்றால் மருதோன்றி இருக்கிறது. இலையை அரைத்துப் பூசினால் பயமில்லை, ஆரஞ்சும் சிவப்புமாகப் பிடிக்கும். அரை மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கறுப்பு மெஹந்தி’ கோன்களை மட்டும் தொடவேண்டாம். அதில் தலைமயிர்ச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற இரசாயனம் கலந்திருக்கும், தோலில் கொப்புளம் எழுப்பி ஆயுளுக்கும் அலர்ஜி தந்துவிடலாம். பச்சைப் பிள்ளையின் கைகாலுக்கு நல்ல மருதோன்றியும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறந்த பிள்ளைகளில் அது செங்குருதிக் கலங்களை உடைத்துக் கடுமையான செங்கமாரியைக் கொண்டுவரலாம்.

கடைசியாக அவளுடைய முதுகு. பழைய, நன்றாக ஆறிய டாட்டூ இருப்பதால் முதுகில் ஊசி போடமாட்டோம் என்று மயக்க மருந்து வைத்தியர்கள் மறுப்பதில்லை. மை படாத ஒரு சின்ன இடைவெளியைத் தேடிப் போடுவார்கள். அப்படி இடமே இல்லாவிட்டால் ஊசியோடு மை உள்ளே போகாமல் இருக்கத் தோலில் சிறியதாகக் கீறிவிட்டுப் போடுவார்கள். ஆறாத, தொற்றுள்ள டாட்டூ என்றால்தான் அவர்கள் தயங்குவார்கள். பிரசவ நாள் வரை வைத்திருக்காமல், அடுத்த கிளினிக்கிலேயே முதுகைக் காட்டி அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.