'அவருக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே!'

கேள்வி: வேல்ஸில் ஒரு மருத்துவமனை வார்டில் நர்ஸாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வயதான அம்மா ஒருவர் இந்த ஊரின் சொந்த மொழியான வெல்ஷிலேயே பேசுகிறார். 'அவருக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே, விடு' என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். வெல்ஷ் தெரியாத நான் என்ன செய்ய முடியும்?
– வாசகி, கார்டிஃப்

பதில்: ஆங்கிலம் தெரிந்திருக்கும்தான், சகோதரி. வெல்ஷ் பேசும் பெரியவர்களில் அது தெரியாதவர் அபூர்வம். ஆனால் டிமென்ஷியா முற்றினாலோ, பக்கவாதம் வந்தாலோ, பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிவிடுவது உண்டு. வலி எங்கே, குத்துகிறதா எரிகிறதா என்று சொல்லத் தெரியாதவருக்கு எதை வைத்து மருந்து கொடுப்பீர்கள்?

2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெல்ஷ் அங்கே அதிகாரப்பூர்வ மொழி. பொதுச் சேவையில் அதை ஆங்கிலத்தைவிடத் தாழ்வாக நடத்தக் கூடாது. மருத்துவத் துறையில் இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளி வாய்திறந்து கேட்பதற்கு முன் நாமே 'வெல்ஷில் பேசட்டுமா?' என்று கேட்க வேண்டும் என்கிறார்கள். உடம்பு முடியாமல் கிடப்பவர் 'நமக்காக யாருக்கும் தொந்தரவு வேண்டாம்' என்று பேசாமல் இருந்துவிடுவார் என்பதே காரணம்.

நோயாளி வார்டில் சேர்ந்த முதல் நாளே எந்த மொழி வேண்டும் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான்: படிவத்தில் டிக் விழும், ஷிஃப்ட் மாறும்போது யாரும் சொல்ல மாட்டார்கள், இரவு நர்ஸ் மறுபடி ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார். அதனால் வாய்மொழியாகவும் ஒப்படையுங்கள். ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழி போட்ட பேட்ஜோ கழுத்துப்பட்டையோ அணிந்தவர் வெல்ஷ் பேசுவார். அவரைக் குசலம் விசாரிக்க மட்டும் கூப்பிடாமல், வலியை மதிப்பிடவும் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கவும் கூப்பிடுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள், கெட்ட செய்தியைப் பிள்ளைகள் பூசி மெழுகிவிடுவார்கள்.

நீங்களும் நாலு சொல் பழகலாம். காலை வணக்கம் 'போரெ தா', நன்றி 'தியோல்ஹ்', வலி 'பொய்ன்'. நம் நீ, நீங்கள் போல அங்கேயும் 'தி', 'ஹி' உண்டு (அந்த 'ஹி'யைத் தொண்டையிலிருந்து உரசிச் சொல்லுங்கள்). வயதானவரிடம் 'ஹி'தான். பெயரில் இரட்டை 'எல்' வந்தால் நாக்கை 'ல'வுக்கு வைத்து, குரல் கொடுக்காமல் பக்கவாட்டில் காற்றை ஊதுங்கள். வராவிட்டால் அவரையே சொல்லிக்காட்டச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: கவுன்சில் அலுவலகத்தில் வேலை. அறிவிப்புப் பலகைக்கான வெல்ஷ் வாசகத்தைக் கணினி மொழிபெயர்ப்பிலேயே முடித்துவிடலாமா?
– வாசகர், ஸ்வான்சீ

பதில்: உங்கள் ஊர்க் கதையையே நினைத்துப்பாருங்கள். 2008-இல் கனரக வாகனங்களுக்குத் தடை என்று ஒரு சாலைப் பலகை. ஆங்கிலம் சரி. கீழே வெல்ஷில், 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பவும்'! மொழிபெயர்ப்பாளரின் தானியங்கிப் பதில் மின்னஞ்சலை அப்படியே அச்சடித்துவிட்டார்கள். கணினி மொழிபெயர்ப்பாக இருந்தாலும் இதே ஓட்டைதான்: வெல்ஷ் படிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்குப் போகும் பிரதியைப் பார்க்கவில்லை. வடிவமைப்பாளர் வரியை வெட்டி ஒட்டிய பிறகும் ஒருமுறை காட்டுங்கள். சொல்லின் முதல் எழுத்து வெல்ஷில் இடத்துக்கேற்ப மாறும். கார்டிஃப் 'கைர்தீத்', 'கார்டிஃபுக்கு' என்றால் 'இ கைர்தீத்' அல்ல, முதல் ஒலி மெலிந்து, எழுத்தில் C போய் G வந்துவிடும். தனிச்சொல்லைப் பழைய பலகையிலிருந்து எடுத்து ஒட்டினால் இங்கேதான் மாட்டுவீர்கள். புதுப் பலகையில் வெல்ஷ் முதலில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பதையும் வடிவமைப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.